ஈஸ்டர் வரைக்கும்

"அப்போ இனிமே எப்பவுமே டீ குடிக்க மாட்டீங்களா?"

"எப்பவுமேவா? யார்ரா சொன்னது? ஈஸ்டர் வரைக்கும்தான். அப்பறம் ஒரு சொம்பு நெறைய போட்டுக் குடிப்பேன், பாரு."

"சாமிக்காக விட்டுட்டேன்னு சொன்னீங்களே அக்கா."

"ஆமா, சாமிக்காகத்தான் வுட்டேன். நாப்பது நாளைக்கு. அதுக்கு மேல சாமிக்கு எதுக்குடா என் டீ? எனக்கே தலைவலி மண்டையப் பொளக்குது, நீ வேற நோண்டி நோண்டிக் கேட்டுக்கினு. மொதல்ல அந்த கிளாசை அப்பால எடுத்துக்கினு போ. வாசனை வருது."

தீனதயாளன் கிளாசை எடுத்தான். ஆனால் நகரவில்லை. திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே, கோதண்டபாணியின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் பிரித்துப் போட்ட ஒரு லேப்டாப்புக்கும் நடுவே அப்படியே நின்றான். லூர்துசெல்வி அக்கா ஒலக்கூர் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ஜெராக்ஸ் போடுகிறவள். போன வாரம் ஒருநாள் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கடைக்கு வந்தாள். அன்றிலிருந்து டீக்கடைக்காரர் கொண்டுவரும் டீயைத் தொடவில்லை. அன்றிலிருந்தே வாடிக்கையாளர்கள் அவளைக் கண்டு பயந்தார்கள்.

"எல்லாருமே அப்படித்தானாக்கா? நாப்பது நாள் கழிச்சித் திரும்ப ஆரம்பிச்சிடலாமா?"

"பின்ன? இல்லன்னா எங்க ஆளுங்க ஒருத்தன்கூட கறி துன்ன முடியாது. எங்க ஊர்ல கறிக்கடைக்காரன் ஈஸ்டருக்குன்னே தனியா கிடா வளக்கறான். நீ ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்லக்கா."

ஒன்றுமில்லாமல் இல்லை. இரண்டு வருடங்களாக அவன் ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு வாழ்ந்திருக்கிறான். அது இப்போதுதான், ஆறிக்கொண்டிருக்கும் ஒரு கிளாஸ் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, அவனுக்குத் தெரிந்தது.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம் ஒன்று அவனுக்குச் சொந்த ஊர். அவனுடைய பெரியம்மா கோவிந்தம்மாள் ஊர்க்காரர்களோடு ரயிலேறிக் காசிக்குப் போனபோது சீத்தாப்பழத்தை அங்கே விட்டுவிட்டு வந்தாள். உயிராக விரும்பிச் சாப்பிட்ட பழம். வீட்டுக்குப் பின்னாலேயே மரம் நின்றது. பழம் வெடித்து விழும் நாட்களில் அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி துவைப்பாள். சாகும்வரை அப்படித்தான். சாமிக்கு விட்டதை யாரும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை. தீனாவுக்குத் தெரிந்த உலகத்தில் அதுதான் ஒழுங்கு.

அதனால்தான் இரண்டு வருடங்களுக்கு முன்னால் எலிசா என்ற பெண் "சாமிக்காக விட்டுடறேன்" என்று சொன்னபோது, ஏன் என்றுகூட அவன் கேட்கவில்லை.

அது 2013, வருடம் பிறந்த சமயம். வின்டர்ஷோர் என்ற விளையாட்டு அப்போதுதான் வெளியாகியிருந்தது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் ஒரே நாட்டுக்குள் நுழையலாம். ஆளுக்கொரு உருவம், ஆளுக்கொரு தொழில், பனிமலைகள், குளிர்ந்த கடல், தெரியாத தீவுகள் என்று அறிவிப்புகள் சொல்லின. தீனா ஒரு வருடமாகக் காத்திருந்தான். கடைசியில் வந்தது பாதி வெந்த சோறு. கதவைத் திறந்தால் ஆள் கடலுக்கடியில் போய் விழுந்தான். வியாபாரி பாதி உடம்பு சுவருக்குள் புதைந்தபடி வாள் விற்றார். குதிரைகள் தரைக்கு ஒரு முழம் மேலே நடந்தன. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை உலகமே அணைந்துபோய், எல்லோரும் வெளியே தள்ளப்பட்டார்கள். பனி என்று போட்டிருந்தது வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். பனி மாதிரியே இல்லை.

துறைமுகத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் மொழியில் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வசைமழைக்கு நடுவே, ஆங்கில எழுத்தில், தமிழில் ஒரு வரி ஓடியது.

"அட கடவுளே, இது பனியா உப்பா?"

யாருக்கும் புரியாது என்று நினைத்து யாரோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. தீனா பதில் போட்டான்: "உப்புதான். எங்க ஊர்ல விளையுது."

பிறகு, "எந்த ஊரு?"

"மரக்காணம் பக்கம். இப்ப இருக்கறது திண்டிவனம்."

"அடப்பாவி! நான் விழுப்புரம்!"

சிவப்புப் போர்வை போர்த்திய ஒரு வில்லாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். தலைக்கு மேல் 'நாரை' என்று பெயர் இருந்தது. சொந்தப் பெயர் எலிசா, நர்சிங் படிக்கிறாள், தம்பி ஆஸ்வினின் கம்ப்யூட்டரில் அவன் கிரிக்கெட் விளையாடப் போகும் நேரத்தில் மட்டும் இந்த நாட்டுக்கு வருகிறாள் என்பதெல்லாம் அடுத்தடுத்த நாட்களில் தெரிந்தது. அவன் பெயர் தீனா என்று தலைக்கு மேலேயே எழுதியிருந்தாலும் அவள் அவனை உப்பு என்றுதான் கூப்பிட்டாள்.

ஒன்றரை மாதம். பார்த்துக்கொண்டதில்லை, குரல் கேட்டதில்லை. எழுத்துதான். உடைந்துபோன அந்த நாட்டில் செய்வதற்கு உருப்படியாக எதுவும் இல்லாததால் அவர்கள் பேசினார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் அறிவிப்பது தன் வீட்டு ஜன்னல்வரை கேட்கும் என்றும், பனிமலைமேல் நின்றுகொண்டு 'யாத்ரீகர்களின் கனிவான கவனத்திற்கு' கேட்பது உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்றும் அவள் எழுதினாள். மீனவன் வீட்டில் பிறந்துவிட்டுப் படகில் ஏறினால் வாந்தி எடுப்பவன் உலகத்திலேயே தான் ஒருத்தன்தான் என்று அவன் எழுதினான். அது உண்மை. அண்ணன் சேட்டு அவனை இரண்டு தடவை கடலுக்குக் கூட்டிப் போனான். மூன்றாவது தடவை, "நீ கரையில நின்னு டாட்டா காட்டு, அது போதும், மீனுங்களே உன்னப் பாத்து சிரிக்குது" என்று சொல்லி விட்டுவிட்டுப் போனான்.

துறையில் ஒரு கப்பல் நின்றது. மூன்று பாய்மரம். அந்த நாட்டில் ஒழுங்காகச் செய்திருந்த ஒரே பொருள் அதுதான். ஏறும் பலகையில் 'விரைவில்' என்று ஒரு அட்டை தொங்கியது. ஓட ஆரம்பித்தால் இரண்டு பேர் வேண்டும், சுக்கானுக்கு ஒருத்தர், பாய்க்கு ஒருத்தர் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

"நீ சுக்கான். நான் பாய்," என்று எலிசா எழுதினாள். "வாந்தி வந்தா நர்ஸ் கூடவே இருக்கேன், பயப்படாதே."

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் எழுதியது அவனுக்கு எழுத்து பிசகாமல் நினைவிருக்கிறது. "நாளைக்கு சாம்பல் புதன். இந்த விளையாட்டை சாமிக்காக விட்டுடறேன் உப்பு. பிடிச்சதைத்தான் விடணும். அம்மா மீனை விடறாங்க. எனக்கு இதை விட்டா பிடிச்சது வேற இல்ல."

சீத்தா மரம் கண்ணுக்குள் வந்தது. பிறகு, "சரி. சாமி விஷயம்," என்று எழுதினான்.

"அவ்ளோதானா?"

"வேற என்ன சொல்றது?"

"ஒண்ணுமில்ல. கப்பலைப் பாத்துக்க."

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. சில நாட்கள் அவன் கப்பலுக்குப் பக்கத்தில் போய் நின்றான். கூட்டமும் கரைந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் விளையாட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டான். மட்டமான விளையாட்டு என்று கேட்டவர்களிடம் சொன்னான். அது பொய்யும் இல்லை என்பது வசதியாக இருந்தது. அந்த வருடக் கடைசியில் கம்பெனி பழைய உலகத்தையே மூடியது. அடுத்த ஆகஸ்டில் மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டித் திறந்தது. பழையவர்கள் பழைய பெயரோடு திரும்பி வரலாம் என்று அவனுக்கு மெயில்மேல் மெயில் வந்தது. அவன் ஒன்றையும் திறக்கவில்லை.

இப்போது திறந்தான்.

சனிக்கிழமை மாலை விளையாட்டைக் கம்ப்யூட்டரில் இறக்கப் போட்டது ஞாயிறு மதியம்தான் முடிந்தது. அரிசி மண்டிக்கு மேலே அவனுடைய அறை. தவிட்டு வாசனையும் வெயிலும் சேர்ந்து ஏறிவரும். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

முதலில் பனி வந்தது. நிஜப் பனியை அவன் பார்த்ததில்லை. ஆனால் இதுதான் பனி என்று தெரிந்தது. மெதுவாக, ஒன்றையொன்று தொடாமல் இறங்கியது. நின்றால் தோளில் தங்கியது. நடந்தால் காலடி விழுந்தது. குதிரைகள் தரையில் நடந்தன. வியாபாரி சுவரை விட்டு வெளியே வந்து, முழு உடம்போடு வணக்கம் சொன்னார். எல்லாம் அவ்வளவு நன்றாக இருந்தது. கல்யாணம் முடிந்த வீட்டுக்குப் பத்திரிகையோடு வந்தவன்போல, புத்தம்புது உடைகளில் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தில் அவன் மட்டும் பழைய தோல்சட்டையோடு நின்றான்.

கப்பல் இருந்தது. அட்டை இல்லை. இரண்டிரண்டு பேராக ஆட்கள் ஏற, பாய் விரிந்து, துறையை விட்டுக் கிளம்பி, பனிமூட்டத்துக்குள் போய் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் வேறு இரண்டு பேருக்காக அதே கப்பல் மறுபடி துறையில் நின்றது.

பலகைக்குப் பக்கத்தில் தாடிக்காரக் குள்ளன் ஒருவன் மீன்பிடித்துக்கொண்டிருந்தான். தீனாவின் தலைக்கு மேலிருந்த பெயரைப் பார்த்துத் தூண்டிலை மடக்கினான்.

"தீனாவா? நாரை தேடிய தீனாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

ஆள் பிரேசில்காரன். பழைய உலகம் மூடும் நாள்வரை இருந்த கொஞ்சம்பேரில் ஒருவன். அவன் சொன்னது இவ்வளவுதான். அந்த வருடம் ஈஸ்டர் அன்று சிவப்புப் போர்வைக்காரி திரும்பி வந்தாள். தினமும் இந்தப் பலகையருகே நிற்பாள். உப்பு என்று ஒரு நண்பன், தலைக்கு மேல் தீனா என்று இருக்கும், வருவான் என்பாள். வேறு யாராவது கூப்பிட்டால் ஆள் வருகிறது என்று சொல்லிவிடுவாள். கடைசி நாள், உலகத்தை அணைக்கப் போகிறார்கள் என்று எல்லோரும் துறையில் கூடிப் பாட்டெல்லாம் பாடினார்கள். அவளும் நின்றாள். அணையும்வரை பாடவில்லை.

"நீ ஏன் வரவில்லை?" என்று குள்ளன் கேட்டான்.

காசி, சீத்தாப்பழம், பெரியம்மா. எதையும் ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல், தீனா தலைகுனியும் பொத்தானை மட்டும் அழுத்தினான். திரையில் அவனுடைய உருவம் அழகாகக் குனிந்து நிமிர்ந்தது.

பிறகுதான் நண்பர்கள் என்ற பக்கத்தைத் திறக்கத் தைரியம் வந்தது. ஒரே ஒரு பெயர். நாரை, சாம்பல் நிறத்தில். ஆள் உள்ளே இல்லை என்று அர்த்தம். கீழே, கடைசியாக வந்தது: பிப்ரவரி 17, 2015.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இல்லை. போன வாரம்!

திங்கட்கிழமை கடை திறந்ததும் திறக்காததுமாக, "சாம்பல் புதன் எந்தத் தேதிக்கா?" என்று கேட்டான்.

"பதினெட்டு. ஏன், நீ எதையாவது வுடப்போறியா? மொதல்ல இந்தக் கேள்வி கேக்கறத வுடு."

பதினேழாம் தேதி வந்து போயிருக்கிறாள். பதினெட்டிலிருந்து வரவில்லை. இந்த வருடமும் சாமிக்கு அவள் விட்டது இதைத்தான். இன்னும் அவளுக்குப் பிடித்தது இதுதான். தீனா ஒரு ஸ்க்ரூவை மூன்று தடவை ஒரே இடத்தில் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அவன் முகத்தை வைத்தே லூர்துசெல்வி அக்கா பாதியைப் பிடுங்கிவிட்டாள். மீதியை அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"விழுப்புரத்துல எங்க சித்தி வூடு கீது. கோயிலுக்குப் பக்கத்துலதான். எலிசா, நர்சு, தம்பி பேரு ஆஸ்வின். ஒரு போன் போட்டா சாயங்காலத்துக்குள்ள வூட்டுக் கலர்வரைக்கும் சொல்லிடுவாங்க. கேக்கட்டா?"

"வேணாக்கா."

"ஏன்டா?"

"திண்டிவனத்துலேர்ந்து ஒரு பையன் தேடறான்னு உங்க சித்தி கேட்டா, அது எங்க போய் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அக்கா உரித்த பருப்பை வாயில் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள். "வெவரமாத்தான் கீற. அப்பறம் இன்னா பண்ணுவ?"

"ஈஸ்டர் வரைக்கும் நிப்பேன்."

"எங்க?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. சொன்னால் அவள் சிரிப்பாள்.

நின்றான். கடை முடிந்து வந்து, குளித்து, சோறு வைத்துவிட்டு, தினமும் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றான். வருகிறவர்கள் கேட்டார்கள்: ஒரு ஆள் குறைகிறது, வருகிறாயா? தீனா எழுதினான்: இல்லை, ஆள் வருகிறது. அவள் எழுதியதும் இதே சொற்களைத்தான் என்பது ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்தது. அவளோ அவன் வருவானா என்றும் எப்போது என்றும் தெரியாமல், ஓடாத கப்பலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவனுக்குத் தேதி தெரியும். அப்படியிருந்தும் கஷ்டமாக இருந்தது. குள்ளன் சில நாள் தூண்டிலோடு வந்து உட்கார்ந்தான். கீழே மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம். திரையில் பனி. சோறு ஆறிவிடும்.

ஒருநாள் சேட்டு ஊரிலிருந்து போன் பண்ணினான். "இன்னாடா, வூட்டுப் பக்கமே காணோம்?"

"வேலை அண்ணே."

"நாலு நாளா ஒத்தையாத்தான் போட்டைக் கடல்ல எறக்கறேன். கூட வர்ற தொரைக்கண்ணுவுக்குக் காய்ச்சல். நீ வாயேன்?" என்று கேட்டுவிட்டு, தானே சிரித்தான். "பயந்துடாத, சும்மா சொன்னேன். ஒத்த ஆளா இருந்தா கடலே வேற மாதிரி கீதுடா. மீன் கெடச்சாலும் இழுக்க முடியல, கெடைக்கலன்னாலும் சொல்ல ஆளில்ல."

போனை வைத்தபிறகு தீனா வெகுநேரம் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குருத்தோலை ஞாயிறு அன்று காலை அவன் விழுப்புரத்துக்கு ரயிலேறினான். பவர் சப்ளை ஒன்று வாங்கவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் திறந்திருக்காது என்பது பேரணி ஸ்டேஷன் தாண்டும்போது நினைவுக்கு வந்தது. ஜங்ஷனில் இறங்கியதும் தலைக்கு மேலே அந்தக் குரல், யாத்ரீகர்களின் கனிவான கவனத்திற்கு. இந்தக் குரல் போய்ச் சேரும் ஜன்னல்களில் ஒன்று அவளுடையது. சுற்றிலும் பார்த்தான். எல்லாத் திசையிலும் ஜன்னல்கள் இருந்தன.

கோயில் வாசலில் பூசை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். எல்லோர் கையிலும் குருத்தோலை. சிலர் அதைச் சிலுவையாக மடித்திருந்தார்கள். எதிர்ச் சாரியில், மூடிய கடையின் நிழலில் அவன் நின்றான். நர்சிங் படித்து முடித்திருக்கக்கூடிய வயதில் எத்தனையோ பெண்கள். ஒருத்தி ஓலையால் தம்பியின் தலையில் அடித்து, "ஜல்தி வாடா, வெயில் பொளக்குது" என்றாள். அவளாக இருக்கலாம். குடை பிடித்து அம்மாவோடு போனவளாக இருக்கலாம். யாரையும் பார்க்காமல் தனியாகச் சிரித்துக்கொண்டு போன கண்ணாடிக்காரியாகவும் இருக்கலாம். அவன் நாரை என்று ஒரு வார்த்தை சத்தமாகச் சொன்னால் போதும், அத்தனை பேரில் ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்ப்பாள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதோடு அவளுடைய அம்மாவும் தெருவும் சித்திகளும் திரும்பிப் பார்ப்பார்கள். வாசல் காலியாகும்வரை நின்றுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினான்.

பெரிய வெள்ளி முடிந்தது. ஈஸ்டருக்கென்று கடைக்கு விடுமுறை இல்லை. ஞாயிறு என்பதால் விடுமுறை. காலையில் லூர்துசெல்வி அக்கா போனில் கூப்பிட்டு, "டேய், டீ குடிச்சிக்கினு கீறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தாள். பின்னால் குழந்தைகளின் கூச்சலும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

அவன் காலையிலிருந்து பலகையருகே நின்றான். விருந்து இருக்கும், உறவுக்காரர்கள் வருவார்கள், ஆஸ்வின் கம்ப்யூட்டரை விடமாட்டான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டான். மதியம் கரண்ட் போய் வந்தது. மறுபடி உள்ளே நுழைந்து, அதே இடத்தில் நின்று, நண்பர்கள் பக்கத்தைத் திறந்தான்.

நாரை என்ற பெயர் பச்சையாக இருந்தது.

கீழே சாம்பல் நிறச் சின்ன எழுத்தில், அவள் இருக்கும் இடம்: மலைக்கு அப்பால், அவன் போயிராத ஒரு ஊர். அதற்குக் கீழே இன்னொரு வரி. அவள் ஒரு குழுவைச் சேர்ந்திருந்தாள். பன்னிரண்டு பேர். அத்தனை பெயர்களும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. நாற்பது நாள் கழித்து வருகிறவளுக்காக எல்லோரும் வந்திருக்கிறார்கள் போல.

இதை அவன் யோசிக்கவே இல்லை. அவள் காத்திருந்ததை யோசித்தான். காத்திருப்பதை அவள் நிறுத்திய நாளை யோசிக்கவில்லை. அந்த நாளுக்கும் பிறகு அவள் வந்துகொண்டிருந்தது இவர்களுக்காக. நியாயம்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

அவளுடைய நண்பர்கள் பக்கத்திலும் இப்போது அவன் பெயர் பச்சையாகத் தெரியும். தெரிந்தால் எழுதுவாள். திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். பனி இறங்கியது. ஒரு ஜோடி ஏறிக் கப்பல் போனது. இன்னொரு ஜோடி. அவள் எழுதவில்லை. பார்க்கவில்லையா, பார்த்துவிட்டுத்தான் எழுதவில்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

அவன் எழுத ஆரம்பித்தான். பெரியம்மா காசிக்குப் போனதிலிருந்து தொடங்கி நீளமாக எழுதினான். படித்துப் பார்த்தான். நிரபராதியின் வாக்குமூலம்போல இருந்தது. அழித்தான். மன்னிச்சிடு என்று எழுதினான். இரண்டு வருடம் கழித்து முதல் வார்த்தையாக அது வருவது அவளுக்குப் பாரமாக இருக்கும். அதையும் அழித்தான். போன ஞாயிறு உங்கள் கோயில் வாசலில் நின்றேன் என்று எழுதி, பயந்துபோய் ஜல்தியாக அழித்தான்.

துறையில் கப்பல் மறுபடி வந்து நின்றது. பாய் சுருட்டியிருந்தது. சுக்கானில் யாரும் இல்லை. தீனா பலகையில் ஏறி, முதல் தடவையாக, தளத்தில் கால் வைத்தான். திரையிலேயே லேசாக ஆடியது. அவனுக்கு வயிற்றைப் புரட்டியது. சுக்கானைப் பிடித்துக்கொண்டான். இன்னொரு ஆள் வரும்வரை கப்பல் நகராது என்று ஒரு வரி வந்து நின்றது.

அவன் ஆங்கில எழுத்தில், தமிழில் எழுதி அனுப்பினான்.

"நாரை, உப்பு பேசறேன். கப்பல்ல ஏறிட்டேன். பாய்க்கு ஒரு ஆள் குறையுது. ஒரே ஒரு தடவை, வர்றியா?"